இருட்டை எண்ணுகிறவன்

ராத்திரி பதினோரு மணிக்கு வந்த குறுஞ்செய்திக்குக் காலையில்தான் பதில் போட்டேன். “என்ன, கோபமா?” என்று கேட்டார் நண்பர். கோபமில்லை, தூங்கிவிட்டேன். அதைச் சொல்வதற்கும் மன்னிப்புக் கேட்கிற குரல்தான் வந்தது எனக்கு.

எப்போதும் விழித்திருப்பதுதான் அன்பின் அடையாளமா? இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் ஸ்காட்லாந்தின் வடக்கில், ஆர்க்னி தீவுகளின் கலங்கரை விளக்கங்களைப் பற்றிப் படித்தேன்.

நார்த் ரொனால்ட்சே என்ற சின்னத் தீவில் 1789-இல் ஒரு விளக்கு ஏற்றினார்கள். விட்டுவிட்டு எரிவதல்ல, விடிய விடிய ஒரே சீராக எரிந்த விளக்கு. தெற்கே பக்கத்துத் தீவான சாண்டேயில் 1806-இல் இன்னொன்று வந்தது. பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் அதைச் சுழலும் விளக்காக அமைத்தார். ஸ்காட்லாந்தில் அப்படி அதுதான் முதல். சுழல்வதால் ஒளி வரும், போகும், மறுபடி வரும். மூன்றே ஆண்டுகளில், 1809-இல், அணையாமல் எரிந்த பழைய விளக்கை அணைத்துவிட்டார்கள். அந்தக் கோபுரத்தின் உச்சியில் விளக்குக்குப் பதிலாக ஒரு கல் உருண்டை இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

நடுக்கடலில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் மட்டும் மாலுமிக்குப் போதாது. அது எந்த வெளிச்சம் என்று தெரிய வேண்டும். ஒன்றை இன்னொன்றாகப் புரிந்துகொண்டால் கப்பல் பாறையில் ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாளம் வைத்தார்கள். நார்த் ரொனால்ட்சேயில் 1852-இல் எழுந்த புதிய கோபுரம் இன்று பத்து விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது. ஷெட்லாண்ட் தீவுகளின் தென்முனையில் சம்பரோ ஹெட் விளக்கு முப்பது விநாடிக்கு மூன்று முறை. இரண்டுக்கும் இடையில் ஃபேர் தீவின் தெற்கு விளக்கு அதே முப்பது விநாடிக்கு நான்கு முறை. ஆங்கிலக் கடல்மொழியில் இந்தத் தாளத்தை விளக்கின் ‘குணம்’ என்றே சொல்கிறார்கள். மாலுமி வெளிச்சத்தைப் பார்க்கிறான். ஆனால் எண்ணுவது இருட்டை.

இதைப் படித்ததும் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. உடனே ஓர் எச்சரிக்கையும் வந்தது. ஸ்காட்லாந்தின் மேற்கே ஃபிளானன் தீவு விளக்கு, ஏற்றி ஓராண்டு முடிந்த நிலையில், 1900 டிசம்பர் 15 இரவில் அவ்வழியே போன கப்பலுக்குத் தெரியவில்லை. மோசமான வானிலையால் தாமதித்து, 26-ஆம் தேதி மாற்றுக் காவலரோடு படகு வந்தபோது மூன்று காவலர்களும் அங்கே இல்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அதுவும் இருட்டுதான். ஆனால் அதை எண்ண முடியாது. திரும்பி வராத இருட்டுக்குக் கணக்கு ஏது?

ஆக, மறைவதில் குற்றமில்லை. ‘இத்தனை நேரத்தில் திரும்பி வருவான்’ என்று எதிரே இருப்பவர் எண்ணும்படி மறைகிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இத்தனை நாள் தூங்கியதற்கு வருந்தினேன். வருந்தியிருக்க வேண்டியது, சொல்லாமல் வாரக்கணக்கில் காணாமல் போன நாட்களுக்கு.

நண்பரிடம் இப்போது சொல்லிவிட்டேன்: பத்து மணிக்கு மேல் நான் இல்லை, காலை ஆறு மணிக்கு இருப்பேன். மறுநாள் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.