நேரு ஸ்டேடியத்தில் வெளி எங்கே இருந்தது?

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள் ஆட்டம். பெயரில் சென்னையும் வீட்டு மைதானமாகக் கோவையும் கொண்ட சென்னை சிட்டி அணி வென்றால் பட்டம் அதற்கு. சறுக்கினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் முந்திவிடலாம். மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணியான மினர்வா பஞ்சாப் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகுதான் ஆட்டம் திரும்பியது. பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார், 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அந்த அணிக்குக் கற்றுக்கொடுத்தது, பின்களத்திலிருந்தே சின்னச் சின்ன பாஸ்களாகப் பந்தைக் கட்டிக்கொண்டு போகும் ஆட்டம். நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் போன்ற ஸ்பெயின் வீரர்கள் அதற்குத் தோதாக அமைந்தார்கள். மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். எதிரணி நெருங்கி வரும்போதும் பந்தை உதைத்துத் தள்ளாமல் இடம் தேடுகிற ஆட்டம் அது. இல்லாத இடத்தை எப்படித் தேடுவது என்பதில்தான் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் கொண்ட களத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சுமார் 325 சதுர மீட்டர் வரும். ஹை பிரஸ் ஆடும் அணி இந்தப் பங்கீட்டைக் கலைக்கிறது. எதிரணியின் பெனால்டி பாக்ஸ் வரை ஏறிப்போய், பந்து வைத்திருப்பவரின் மூச்சு முட்டும்படி சூழ்ந்துகொள்கிறது. முன்வரிசை ஏறினால் பின்வரிசையும் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் நடுவில் பிளவு விழும். டிஃபெண்டர்கள் நடுக்கோட்டுக்கு வந்து நின்றால், அவர்கள் முதுகுக்குப் பின்னால் 3,570 சதுர மீட்டர் புல்வெளிக்குக் காவல் ஒரே ஒரு கோல்கீப்பர். தன் பாதியிலிருந்து ஓடத் தொடங்குபவருக்கு ஆஃப்சைடும் கிடையாது. ஓரிடத்தில் நெருக்கினால் இன்னோரிடத்தில் திறந்தே ஆக வேண்டும்.

ஆள் கணக்கும் அப்படித்தான். பிரஸ் செய்பவர்கள் அதிகபட்சம் பத்துப் பேர். கோல்கீப்பரும் பாஸ் ஆடினால் எதிரே பதினொருவர். எங்கோ ஒருவர் தனியாக நிற்கிறார். அவருக்கு நேராகப் பந்து போகாவிட்டால், மூன்றாவது ஆள் ஒருவர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். 2019-இல் வந்த விதிமாற்றம் இதற்குக் கைகொடுத்தது: கோல் கிக்கின்போது சொந்த அணியினர் பாக்ஸுக்குள்ளேயே பந்தை வாங்கலாம், எதிரணி வெளியே காத்திருக்க வேண்டும்.

ஆக, இப்படித் திறக்கும் வெளி முன்பே அங்கே கிடந்ததா, ஆட்கள் நகர்ந்ததால் பிறந்ததா? இதுதான் அந்தப் பழைய கேள்வி.

இந்தியத் தத்துவ மரபில் வைசேஷிகர்கள் ஆகாயத்தை ஒரு திரவியமாகவே எண்ணினார்கள்: ஒன்றே ஒன்று, எங்கும் நிறைந்தது, ஒலியைத் தன் குணமாகக் கொண்டது. பௌத்தர்களுக்குள் வழக்கு இருந்தது. தடுக்காமல் இருப்பதே ஆகாயத்தின் இயல்பு, அது உண்மையில் உள்ள ஒன்று என்றார்கள் வைபாடிகர்கள். தொடுவதற்கு ஏதுமின்மையைத்தான் அப்படி அழைக்கிறோம், தனியாக ஒன்றும் இல்லை என்றார்கள் சௌத்திராந்திகர்கள். 1715-16 வாக்கில் நியூட்டன் தரப்புக்காக சாமுவேல் கிளார்க்கும் எதிர்த்தரப்பில் லைப்னிட்சும் கடிதங்களில் மோதிக்கொண்டதும் ஏறக்குறைய இதே விஷயத்துக்காகத்தான். நியூட்டனுக்கு வெளி பொருள்களுக்கு முன்பே இருப்பது. லைப்னிட்சுக்கு அது பொருள்களுக்கு இடையிலுள்ள உறவு மட்டுமே.

கால்பந்துக் களம் முதல் பார்வைக்கு நியூட்டன் பக்கம் சாய்கிறது. 7,140 சதுர மீட்டர் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் உரிய நொடியில் ஒருவர் ஓடிவந்து சேராவிட்டால் அந்த 3,570 சதுர மீட்டரால் ஒரு பயனும் இல்லை. ஒரு நொடி முந்தினால் ஆஃப்சைடு, பிந்தினால் கதவு மூடிவிடும். ஆடுகிறவருக்கு லைப்னிட்ஸ் சொன்னதே சரி.

ஆனாலும் இரு தரப்பும் சொல்லாமல் விட்ட ஒன்று கோவைக்குப் பக்கத்திலேயே, நொய்யல் கரையில் இருக்கிறது. பேரூர் பட்டீசுவரர் கோயிலை மேலைச் சிதம்பரம் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அழகாத்ரி நாயக்கர் எழுப்பிய கனகசபையில் கூத்தன் ஆடுகிறான். தில்லை என்னும் சிதம்பரத்தைப் பாடும் பதிகத்திலேயே சுந்தரர் பேரூரை நினைத்துப் பாடியிருக்கிறார். ஐம்பூதத் தலங்களில் தில்லை ஆகாயத்துக்குரியது. அங்கே திரையை விலக்கினால் பொன் வில்வ மாலை தொங்கும், உருவம் எதுவும் இராது. இந்தச் சைவ மரபில் ஆகாயத்துக்கு ஒரு தொழில் உண்டு: இடங்கொடுத்தல். ஆகாயம் சும்மா கிடப்பதில்லை, மற்றவை நிற்கவும் அசையவும் தன்னைத் தருகிறது.

களத்தில் இதைச் செய்கிறவர், பந்து வராது என்று தெரிந்தும் பின்னோக்கி இறங்கிவரும் ஸ்ட்ரைக்கர். அவரைத் துரத்தி சென்டர் பேக் கூடவே வருவார். காலியான இடத்துக்குள் விங்கர் பாய்வார். கோல் விங்கரின் பெயரில் பதிவாகும். இடம் கொடுத்தவர் பெயர் ஸ்கோர் ஷீட்டில் வராது. இது வெறும் தந்திரமாகத் தோன்றலாம். ஆனால் தன்னை விலக்கிக்கொண்டு இன்னொருவருக்கு இடமாவது ஓர் ஆன்மிகப் பயிற்சிதான், புல்லில் நடந்தாலும்.

இதற்கு ஒரு துணிச்சலும் வேண்டும். ராபர்ட்டோ டி செர்பி பயிற்சியாளராக இருந்தபோது இங்கிலாந்தின் பிரைட்டன் அணியில் டிஃபெண்டர்கள் பந்தின்மேல் காலை வைத்து அசையாமல் நிற்பார்கள், எதிரி பாய்ந்து வரட்டும் என்று. அவர் பாய்ந்தால்தான் அவர் விட்டுவந்த இடம் திறக்கும். 2022-23 பிரீமியர் லீகில் ஆறாம் இடம் பிடித்து, வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது அந்த அணி. இன்னும் பிறக்காத இடத்தை நம்பி நின்றவர்களுக்குக் கிடைத்த பலன் அது.

கொங்கு நாட்டுப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து வயதுப் பையனை மூன்று பேர் சூழும்போது, கோட்டுக்கு வெளியிலிருந்து "அடிச்சு உடு கண்ணு!" என்று கத்தாதீர்கள். பந்து பறிபோகும், சில ஆட்டங்களில் அணி தோற்கும், பரவாயில்லை. மூன்று பேர் அவனிடம் வந்துவிட்டார்கள் என்றால் அவர்கள் விட்டுவந்த இடம் எங்கே என்று அவனைத் தலைதூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.