எய்தவன் பொறுப்பு

சண்டை ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்த பின், வயலில் கிடந்த இரும்பு உருண்டையை விளையாட்டுச் சாமான் என்று எண்ணி ஒரு சிறுவன் கையில் எடுக்கிறான். அது வெடித்து மடிகிறான். அந்த உயிர் யாருடைய கணக்கில் எழுதப்படும்? கண்ணியமிக்க வாசகர்களே, இது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி அன்று.

கொத்துக் குண்டு என்று ஓர் ஆயுதம் உண்டு. விமானத்திலிருந்து விழும் பெரிய கூடு ஆகாயத்திலேயே திறந்து, உள்ளிருக்கும் சிறு குண்டுகளைப் பரந்த நிலத்தில் இறைத்துவிடும். அவற்றில் ஒரு பகுதி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிடும். உள்நாட்டுப் போர் நடந்த லாவோஸ் நாட்டின் மீது 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் சுமார் 27 கோடி சிறு குண்டுகளைக் கொட்டின. பத்தில் மூன்று வரை வெடிக்கவில்லை என்று கணக்கிட்டுள்ளனர். போர் முடிந்த பின்னரும் அங்கே உழவர்களும் பிள்ளைகளும் அவற்றுக்குப் பலியாகி வந்தார்கள்.

அண்டையிலுள்ள இலங்கையைப் பாருங்கள். 2009 மே மாதம் வன்னிப் போர் முடிந்தது. அங்கே கண்ணிவெடி அகற்றியோர் எடுத்த படங்களை 2016-ல் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை வெளியிட்டது. விமானத்திலிருந்து போடப்படும் ரஷ்யத் தயாரிப்புக் கொத்துக் குண்டின் பாகங்கள் அவற்றில் இருந்தன. இலங்கை அரசோ, தான் அதைப் பயன்படுத்தவில்லை என்றே மறுத்து வந்தது. அந்த வழக்கை நாம் தீர்க்க வரவில்லை. போட்டவர் யாராயினும், அவர் மீது ஷரீஅத் சுமத்தும் பொறுப்பு என்ன என்பதே நம் கேள்வி.

"எதிரியைத்தான் குறி வைத்தார்கள், குழந்தையை அல்லவே! அமல்களுக்கு நிய்யத்துதானே அளவுகோல்?" என்று சிலர் கேட்கலாம். நிய்யத்து மறுமையின் கூலியை நிர்ணயிக்கும். ஆனால் பிறர் உயிருக்கு நேர்ந்த சேதத்தை அது துடைத்துவிடாது. தவறுதலாகக் கொன்றவர் மீதும் திருக்குர்ஆன் (4:92) நஷ்டஈட்டையும் பரிகாரத்தையும் விதிக்கிறது. பொதுப் பாதையில் அனுமதியின்றிக் குழி தோண்டியவன், அதில் விழுந்து இறந்தவருக்குப் பொறுப்பாளி என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அந்த நேரத்தில் அவன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும் சரியே!

நம் பச்சைமலைச் சரிவில் காட்டுப்பன்றிக்கென்று ஒருவன் அவுட்டுக்காய் வைத்துவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். விறகு பொறுக்க வந்த பிள்ளை அதைத் தொட்டு மாண்டால், "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்ற சொல்லை ஊரார் ஏற்பார்களா? பிள்ளைகள் நடமாடும் வழி என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்து செய்ததற்குத் தவறுதல் என்று பெயரிட முடியாது. கொத்துக் குண்டில் ஒரு பகுதி வெடிக்காமல் கிடக்கும் என்பதைத் தயாரித்தவனும் அறிவான், போட்டவனும் அறிவான்.

பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எவரையும் குத்த எண்ணாதவருக்கே இந்தக் கட்டளை! அப்படியிருக்க, முனையைப் பிடிக்கவே இயலாதபடி இறைக்கப்படும் ஆயுதத்தை எப்படி ஆகுமாக்குவது?

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. ஆகவே போட்டவனின் கடமை போரோடு முடிவதில்லை. போட்ட இடத்தைக் காட்ட வேண்டும், அகற்ற வேண்டும், ஊனமுற்றோரைப் பராமரிக்க வேண்டும். போட்டுவிட்டு மறுப்பவன், தோண்டிய குழியை இலை போட்டு மூடியவனாகிறான். 2008-ல் உருவான கொத்துக் குண்டுத் தடை உடன்படிக்கையும் அகற்றுதலையும் பராமரிப்பையும் கடமையாக்குகிறது. இலங்கை அதில் 2018-ல் சேர்ந்தது. இந்தியாவோ அமெரிக்காவோ ரஷ்யாவோ அதில் கையொப்பமிடவில்லை.

திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இலங்கைத் தமிழ் அகதிகள் நம் அண்டை வீட்டாராக வாழ்ந்து வருகிறார்கள். ஊர் திரும்பும் ஒருவர் தன் சொந்த நிலத்தில் மண்வெட்டியை இறக்க அஞ்சும்வரை, அவருக்குப் போர் முடிந்துவிட்டதென்று யார் சொல்வது?

எய்தவன் இருக்க அம்பை நோகலாமா என்பார்கள். எய்தவன் எழுந்து போய்விட்டாலும் அவன் ஏடு மூடப்படுவதில்லை. நம் கையாலும் நாவாலும் எவருக்கும் தீங்கு நேராமல் வல்ல நாயன் நம்மைக் காப்பானாக! ஆமீன்.