அடித்தால்தான் கொடுமையா?



நமது லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவில் பிழைக்கும் பிள்ளைகள் இல்லாத தெரு அரிது. பணம் வருகிறது, மாடி எழும்புகிறது. எந்த ஊரிலானாலும் அத்தகைய வீடொன்றில் கணவன் மாதக்கணக்கில் பேசாமலிருக்க, "மலடி", "வெறுங்கையோடு வந்தவள்" என்ற ஏச்சையே கேட்டு வாழும் மருமகள் ஜமாஅத்தில் முறையிட்டால், பெரும்பாலும் எழும் முதல் கேள்வி: "அடித்தானா?" இல்லை என்றால், "பொறுத்துப் போம்மா!"

கவ்லா (ரலி) அவர்களையும் எவரும் அடிக்கவில்லை. கணவர் அவ்ஸ் (ரலி) கோபத்தில், நீ எனக்கு என் தாயின் முதுகு போன்றவள் என்று சொல்லிவிட்டார். அறியாமைக் கால வழக்கில் அச்சொல் மனைவியை வாழவும் விடாது, விடுதலையும் தராது. இன்று தொலைபேசியை எடுக்காத கணவன் வைத்திருப்பதும் அதே அந்தரத்தில்தான். கவ்லா நாயகம் (ஸல்) அவர்களிடம் வாதாடினார். அல்லாஹுத்தஆலா அதைச் செவியுற்று முஜாதலா அத்தியாயத்தை இறக்கினான். அச்சொல்லுக்குப் பரிகாரம் அடிமையை விடுதலை செய்வது. முடியாவிட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு. அதற்கும் இயலாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. ஒரு சொல்லுக்கு இவ்வளவு!

நாட்டின் சட்டம் இங்கே மெல்லத்தான் வந்தது. உடலைத் தொடாத கொடுமையும் மணவிலக்குக் கோரப் போதுமான காரணம் என்று முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் 1939-லேயே கூறிவிட்டது. ஆனால் கணவனும் அவன் உறவினரும் செய்யும் மனக்கொடுமை தனிக் குற்றமாக 1983-இல் 498-ஏ பிரிவு வரவேண்டியிருந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளாக உள்ளது. வேண்டுமென்றே மனநலத்துக்குக் கடும் கேடு விளைவிப்பவர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குழம்பில் உப்பில்லை என்ற பேச்சு இதில் அடங்காது. அதற்கெல்லாம் காவல் நிலையம் போகவும் கூடாது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமோ, பிள்ளையில்லை, ஆண்பிள்ளையில்லை என்று இகழ்வதையே வன்முறை என்று எழுதி வைத்திருக்கிறது. மாஜிஸ்திரேட் தடையுத்தரவு இடுவார். மீறினால் ஓராண்டு வரை சிறை.

அரியலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மனமுடைந்து பெரம்பலூர்த் தாய்வீடு வந்துவிட்ட பெண், புகார் கொடுக்க மீண்டும் அரியலூருக்கே போகவேண்டுமா? வேண்டியதில்லை. தாய்வீட்டிலும் அந்த வேதனை தொடர்வதால் அங்கேயே வழக்குத் தொடுக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பெரம்பலூர் மகளிர் காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். வழி தெரியாதவர் 181-ஐ அழைக்கலாம். அத்தா உடன் போவது நல்லது. ஜமாஅத்தார் ஒருவரும் உடன் போவது அதனினும் நல்லது.