சாவா, சாகும் வழியா?

மைசூரில் எங்கள் தெருப் பெரியவர்களிடம் சாமியிடம் என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், நீண்ட ஆயுள் என்று யாரும் சொல்வதில்லை. ‘படுக்கையில விழாம, யாருக்கும் பாரமில்லாம போயிடணும்’ என்கிறார்கள். கன்னடம் பேசும் வீட்டிலும் தமிழ் பேசும் வீட்டிலும் வேண்டுதல் இதுதான். வயது ஏற ஏற மனிதர்கள் சாவோடு எப்படியோ சமாதானம் ஆகிவிடுகிறார்கள். அவர்களைத் தூங்கவிடாமல் செய்பவை அதற்கு முந்தைய நாட்கள்.

என் அம்மாவிடம் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும், எந்த நகை யாருக்கு, எந்தப் புடவையை உடுத்தி அனுப்ப வேண்டும் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னாள். ஆனால் சாயங்காலம் வலி வரும் நேரம் நெருங்கினால் அந்த நிதானம் போய்விடும். என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். சரியான அளவில் மார்ஃபின் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பிறந்த ஊரைப் பற்றி மறுபடியும் பேச ஆரம்பித்தாள். நோய் அப்படியேதான் இருந்தது. பயம் தணிந்திருந்தது.

சாவையே அஞ்சுபவர்கள் இல்லையா? உண்டு. சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தாய் தகப்பனுக்கு அந்தப் பயம் நிஜமானது. இந்த ஊரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் மனைவி ராஜம் 1939இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தபோது, மகள் ஹேமா சிறு குழந்தை. அந்தப் பிரிவிலிருந்தே 1945இல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவல் வந்தது. பிரிவைப் பற்றிய பயம் பாசத்தின் மறுபக்கம். அதற்கு மருந்து கிடையாது, இருக்கவும் வேண்டாம்.

அப்படியானால் மற்றவர்கள் அஞ்சுவது வலியை மட்டுமா? மைசூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் சமணத் தலமான சிரவணபெளகொளா என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. சந்திரகிரிக் குன்றின் பாறைகளில், உணவை விலக்கி உயிர் துறந்த சமணர்களின் நினைவு நூற்றாண்டுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. சல்லேகனை எனப்படும் இந்த நோன்பைத் தற்கொலை என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது; அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நோன்பு சரியா தவறா என்பது தனி விவாதம். பட்டினி கிடந்து மெல்ல மெல்ல இறப்பது உடம்புக்குச் சுலபமல்ல. ஆனாலும் அவர்கள் அஞ்சவில்லை என்றால், அதற்குக் காரணம் முடிவு அவர்களுடையதாக இருந்ததும், குருவும் சுற்றத்தாரும் பக்கத்தில் இருந்ததும்தான். மனிதர்கள் அஞ்சுவது வெறும் வலியை அல்ல என்று எனக்குப் படுகிறது. தன் சொல் எடுபடாமல், துணைக்கு ஆளில்லாமல், கேட்பாரற்றுப் படும் வலியைத்தான் அஞ்சுகிறார்கள்.

தாவணகெரேயைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை எச்.பி. கரிபசம்மா 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியது, அந்தச் சொல் எடுபட வேண்டும் என்பதற்காகத்தான். கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று சொன்னது. 2023இல் அதற்கான நடைமுறைகளை எளிதாக்கியது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் அந்தத் தீர்ப்பைச் செயல்படுத்த உத்தரவிட்டது. ஊசி போட்டு உயிரைப் போக்க இதில் இடமில்லை. குணமாகும் நம்பிக்கை அற்ற நிலையில் உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மருத்துவர்களின் இரண்டு குழுக்கள் பரிசீலித்து முடிவெடுக்கும்.

ஆனால் சிகிச்சையை நிறுத்துவதற்கான உரிமை பாதி வழிதான். வலியைத் தணிப்பது மீதிப் பாதி. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சி, மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கவே தயங்கின. மார்ஃபின் எடுக்கப்படும் அபினி விளையும் நாட்டிலேயே நோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் பல ஊர்களில் மார்ஃபின் எளிதில் கிடைப்பதில்லை. உலகில் ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு வலி தணிப்புச் சிகிச்சை தேவைப்படுகிறது, ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 1984இல் தொடங்கிய சுவாமி விவேகானந்தா யூத் மூவ்மென்ட் இன்று இந்த ஊரில் அந்தப் பணியைச் செய்துவருகிறது. இது ஊருக்கு ஊர் வேண்டும்.

சாவை யாராலும் தள்ளிவிட முடியாது. ஆனால் நாம் பெரிதும் அஞ்சும் அந்தக் கடைசி நாட்கள் நம் கைக்கு எட்டாதவை அல்ல. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கடைசிக் காலத்தில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். மருத்துவர் ‘இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை’ என்றால், ‘வலிக்கு என்ன செய்யலாம்?’ என்று கேட்காமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.