நன்றாயிருக்கிறது

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி வீட்டுப் பையன் ஒருவன், தறியில் உட்கார்ந்திருக்கும் தகப்பனாரைப் படம் எடுத்துவந்து காட்டினான். ஜன்னல் வெளுத்துப்போய், முகம் இருட்டில் கிடந்தது. "நன்றாயிருக்கிறது" என்றேன். பார்க்கச் சோம்பியதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் கருணை.

பிறகொரு நாள் கைலாசநாதர் கோயிலில் நான் எடுத்த படத்தை அந்தத் தகப்பனாரிடம் நீட்டினேன். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பிய மணற்கல் கோயில். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுத்திருந்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சிங்கமெல்லாம் தட்டையா இருக்குதே சார்" என்றார். நேரம், கேமரா, கூட்டம் என்று காரணங்களை அடுக்கினேன். அவர் கண் படத்தைவிட்டு நகரவில்லை. என் காரணங்கள் எதுவும் அதில் இல்லை.

கோர்வைச் சேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் நெய்ய, மற்றவர் பக்கத்திலிருந்து கரை நாடாவைத் தள்ளித் தரவேண்டும். இழை தப்பினால் அங்கேயே சொல்லியாகவேண்டும். மௌனம் காத்தால் கரை உடலோடு சேராது. இதில் அவமானம் யாருக்கும் இல்லை. விமர்சகனும் அந்த இரண்டாவது ஆள்தான். கண் எங்கே இடறியது என்று சொல்வதோடு அவன் வேலை முடிகிறது. திருத்துவது எடுத்தவன் பாடு.

இப்போது பையனிடம் ஜன்னலைப் பற்றிப் பேச எனக்குத் துணிவு உண்டு. படங்களைக் கேட்டேன். "உங்களுக்கு எல்லாமே நல்லாத்தானே இருக்கும்" என்று சொல்லிப் போய்விட்டான்.