செடியிலா பாவம்?



வாலிபத் தம்பிமார் இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பாஸ்டர், பூமியில முளைக்கிற எல்லாத்தையும் தேவன்தானே படைச்சார்? கஞ்சாவும் ஒரு செடிதானே? அதை வளர்க்கிறதுல என்ன பாவம்?"

இதற்கு அதட்டி வாயை அடைப்பது சுலபம். ஆனால் நாம் பதில் சொல்லாவிட்டால் அவன் பதிலை வேறே இடத்தில் தேடிக்கொள்வான். ஆகவே நிதானமாய் யோசித்துப் பார்ப்போம்.

1. செடியும் பயிரும்

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில், விதை தரும் பூண்டுகளைத் தேவன் மனுஷனுக்கு ஆகாரமாய்க் கொடுத்ததை வாசிக்கிறோம். செடி பாவமல்ல. இதை ஒத்துக்கொள்ள நமக்கு என்ன பயம்? இந்தச் செடியின் நாரில் கயிறும் துணியும் செய்கிறார்கள். போதைப்பொருள் 0.3 சதவீதத்துக்கும் குறைவாய் உள்ள சணல் ரகத்தை நாருக்காகப் பயிர் செய்ய உத்தரகண்ட் அரசு 2018-ல் அனுமதி கொடுத்தது. அதே வருஷம், பிள்ளைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்க்கு இந்தச் செடியிலிருந்து எடுத்த ஒரு மருந்தை அமெரிக்கா அங்கீகரித்தது. அதில் போதை கிடையாது. வலிப்பில் துடிக்கிற பிள்ளையை மடியில் வைத்திருக்கிற தாயிடம் போய் "இது சாத்தானின் செடி" என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் தம்பி, நீ கேட்பது அந்தச் செடியைப் பற்றியா? இன்றைக்கு வாலிபரை இழுப்பது வேறே சரக்கு. மாம்பழ வாசனை, ஆரஞ்சு வாசனை வீசுகிற வீரிய ஒட்டு ரகங்கள். ஹிந்துகுஷ் மலைப்பக்கத்து விதைகள் 1970-களில் மேல்நாடுகளுக்குப் போயின. அங்கே வெப்ப தேசத்து ரகங்களோடு அவற்றைக் கலந்து, குளிர் வருமுன்னே சீக்கிரம் முதிருகிற ரகங்களை உண்டாக்கினார்கள். பழ வாசனை ஒன்றும் மாயமல்ல. ஆரஞ்சுத் தோலிலும் மாம்பழத்திலும் உள்ள அதே வாசனைப் பொருள்கள் இந்தப் பூவிலும் உண்டு. ஏதேனில் ஏவாளை முதலில் இழுத்ததும் பார்வைக்கு இன்பமாயிருந்த கனிதான் என்பதை மறக்கவேண்டாம்.

இன்னொரு காரியம். ஆண் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெண் செடியை விதை பிடிக்கவிடாமல் வளர்க்கிறார்கள். அப்போது அதன் பெலன் முழுவதும் பூவில் பிசினாய் இறங்குகிறது. போதை அந்தப் பிசினில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்தபோது, போதைப்பொருள் 1995-ல் சராசரி 4 சதவீதமாயிருந்தது. 2014-ல் ஏறக்குறைய 12 சதவீதம்.

"விதையில்லாத திராட்சையும் நாம சாப்பிடுறோமே" என்று கேட்பாய். நல்ல கேள்வி. விதையில்லாமற் செய்வது பாவமல்ல, ஒட்டுக் கட்டுவதும் பாவமல்ல. எதற்காகச் செய்கிறான் என்பதே கேள்வி. திராட்சையில் தின்கிறவனுடைய சவுகரியத்தைத் தேடினான். இங்கே தேடுவது புத்தி மயங்குவதை மட்டுமே. எதைத் தெரிந்து நடுகிறான், எதைப் பிடுங்கி எறிகிறான் என்பதில் பயிரிடுகிறவனுடைய இருதயம் வெளிப்படுகிறது. நோவா திராட்சத்தோட்டம் நட்டதை வேதம் குற்றமாய்ச் சொல்லவில்லை. வெறித்துக் கிடந்ததை மறைக்கவும் இல்லை.

2. சட்டம் மாறினால் பாவம் மாறுமா?

"கனடாவில 2018-லயே விட்டுட்டாங்க, ஜெர்மனியில 2024-ல விட்டுட்டாங்க" என்கிறார்கள். மெய்தான். தாய்லாந்தும் 2022 ஜூனில் தடையை எடுத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தரலாம் என்று மறுபடியும் இறுக்கிவிட்டது. மூன்றே வருஷம்! சட்டத்தை மாத்திரம் அளவுகோலாய் வைத்தால், அங்கே நீதியும் அநீதியும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டிருக்கும். நம்ம ஊரில் டாஸ்மாக் கடை சட்டப்படிதான் திறந்திருக்கிறது. அதனால் குடிகாரன் வீட்டில் கண்ணீர் நின்றுவிட்டதா?

ஆனாலும் சட்டத்தை அசட்டைபண்ணுகிறவன் விசுவாசியல்ல. நம் தேசத்தில் 1985-ம் வருஷத்து போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சா பயிரிட்டால் பத்து வருஷம் வரை கடுங்காவல் உண்டு. 20 கிலோவுக்கு மேல் பிடிபட்டால் பத்து வருஷத்துக்குக் குறையாது. பாங்காக்கிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளில் 'ஹைட்ரோபோனிக் கஞ்சா' என்ற சரக்கு சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதைப் பத்திரிகையில் பார்க்கிறோம். மண்ணில்லாமல், அறைக்குள் விளக்கையும் ஏ.சி.யையும் போட்டு, குளிர் தேசத்தைச் செயற்கையாய் உண்டாக்கி வளர்க்கிற சரக்கு அது. மின்சாரம் நமக்குத் தெரியாததா? குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுகிற பெட்டியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. கரண்ட்டில் பாவமில்லை, சுவிட்சைப் போடுகிற கை கணக்குக் கொடுக்கவேண்டும்.

3. பசிக்கு நட்டவன்

இதுதான் கஷ்டமான கேள்வி. ஆந்திராவில் பாடேரு, சிந்தப்பள்ளி மலைகள் குளிர்ச்சியான இடம். அங்கேயும் ஒடிசா எல்லையிலும் விளைந்த கஞ்சா வருஷக்கணக்காய் ரயிலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தது. நட்டவர்களில் அநேகர் ஏழைப் பழங்குடி ஜனங்கள். வியாபாரி முன்பணம் கொடுக்கிறான். பிடிபட்டால் ஜெயிலுக்குப் போகிறவன் ஏழை. லாபம் தின்கிறவன் பட்டணத்தில். ஆந்திர போலீஸ் 2021-ல் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது.

பசிக்கு நட்டவனும் பணத்தாசைக்கு நட்டவனும் ஒன்றா? ஒன்றல்ல. பசி குற்றத்தின் பாரத்தைக் குறைக்கும். ஆனால் குற்றமே இல்லை என்று ஆக்கிவிடாது. அவன் விளைவித்தது இன்னொரு ஏழையின் மகனைத்தான் போய்ச் சேருகிறது. அதே சமயம், பயிரைப் பிடுங்கிவிட்டு அவன் வயிற்றுக்கு வழி காட்டாவிட்டால், பிடுங்கினவன்மேலும் கேள்வி வரும். அதே மலைகளில் காபியும் மிளகும் விளைகிறது; அரக்கு காபிக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறே வழி இருக்கிறது. அதை ஏழைக்குத் திறந்து கொடுக்கிறதும் நீதிதான்.

4. நம் வீட்டு வாசலில்

வாங்குகிறவன் இல்லாவிட்டால் நடுகிறவன் இல்லை. நம் டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் மறைவில் நின்று ஒரு பொட்டலம் வாங்குகிற தம்பிக்கும் அந்த மலைத் தோட்டத்தில் பங்கு உண்டு. "ஒரே ஒரு தடவை" என்கிறாய். லிக்னைட் நமக்குத் தெரியும். குவித்துப் போட்டால் வெளியே அமைதியாய்க் கிடக்கும். உள்ளே சூடேறி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் ஆராய்ந்து 2019-ல் வெளியான முடிவின்படி, வீரியமான கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்குப் புத்தி பேதலிக்கும் நோய், தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாய்க் காணப்பட்டது. பழ வாசனை இதைச் சொல்லாது.

பெற்றோரே, மகன் சிக்கிக்கொண்டது தெரிந்தால் மானத்துக்குப் பயந்து மூடி வைக்காதீர்கள். தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்கு வந்து அதை முழுவதும் முடிக்கிறவனுக்கு, பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு தர அதே சட்டத்தின் 64-ஏ பிரிவில் இடமிருக்கிறது. 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. ஜெபமும் பண்ணுங்கள், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்று மற்றொன்றுக்கு விரோதமல்ல.

சபையாரே, அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது பின் பெஞ்சில் தனியே உட்காரவிடாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: செடியில் பாவமில்லை. அதற்கு மனசாட்சியும் இல்லை. உனக்கு உண்டு. தெரிந்துகொள்ளுகிற அந்த உரிமையைத் தேவன் செடிக்குக் கொடுக்காமல் உனக்குக் கொடுத்திருக்கிறார். அதைப் புகையாய் ஊதிவிடாதே.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளைக் காப்பாராக.