முப்பது மூட்டை சிமெண்ட்

கென்யாவின் மாசாய் மாராவில் நான் தங்கிய கூடாரத்தில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. தடித்த கித்தான், மரச்சட்டம், பலகைத் தரை. மின்சாரம் சோலார் பேனலிலிருந்து. முகாமைச் சுற்றி வேலி இல்லை. அதனால் இருட்டிய பிறகு சாப்பிடப் போக வேண்டுமென்றால் கையில் டார்ச்சோடு ஒரு மாசாய் காவலர் வந்து அழைத்துப் போவார். குளிப்பதற்குக் கூடாரத்தின் பின்னால் தொங்கும் பையில் வெந்நீர் ஊற்றுவார்கள். இருபது லிட்டர், அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இந்த முகாமைக் கலைத்தால் ஒரு மழையில் புல் முளைத்து இடம் பழையபடி ஆகிவிடும் என்றார் மேலாளர். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நானே புல் முளைக்க வைத்தமாதிரி.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கரண்டு கம்மி, கொழா இல்ல, ஒரு பக்கெட் தண்ணி. நாங்க பாதி ஆயுசு அப்படித்தான்டா இருந்தோம். அதுக்கா இம்புட்டுக் காசு குடுத்த?" என்றாள்.

நான்கு ராத்திரிக்குக் கொடுத்த பணத்தில் ஊரில் ஒரு சின்ன வீட்டுக்குத் தளம் போட்டிருக்கலாம் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

எனக்குச் சொந்த ஊர் அரியலூர் பக்கம். பொறியியல் படித்தது பெரம்பலூரில். நான்கு வருடம் அந்தச் சாலையில் பஸ்ஸில் போய்வந்தவனுக்குச் சுண்ணாம்புக்கல் லாரியின் புழுதியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா ஓட்டியதும் அப்படி ஒரு லாரிதான். எங்கள் வீட்டுச் சோறும் என் காலேஜ் பீஸும் சிமெண்டிலிருந்து வந்தவை.

அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு கடல் இருக்கிறது. சுமார் பத்துக் கோடி வருடங்களுக்கு முன்னால் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. வாரணவாசி அருங்காட்சியகத்திலும் சாத்தனூர் கல்மரத்திலும் நாம் பார்ப்பது அந்தக் காலத்தின் மிச்சம். கடலில் வாழ்ந்த உயிர்கள் தங்கள் ஓடுகளில் பூட்டி வைத்த கார்பன்தான் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிறது. சூளையில் சுடும்போது அது வெளியே வருகிறது. சிமெண்டால் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. அதனால்தான் சிமெண்ட் இல்லாத தங்குமிடத்தைப் பசுமையானது என்கிறார்கள். அது சரிதான்.

ஆனால் நான் கணக்குப் போடுகிற தொழிலில் இருப்பவன். சென்னையிலிருந்து நைரோபிக்குப் போய்வர, எகானமி வகுப்பில், ஒரு ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் கரியமில வாயு. ஒரு டன் சிமெண்டுக்குச் சுமார் அறுநூறு கிலோ. ஆக, சிமெண்ட் இல்லாத இடத்தில் படுத்துத் தூங்குவதற்காக நான் முப்பது மூட்டை சிமெண்டை வானத்தில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

இந்தக் கணக்கைக்கூட ஏதாவது மரம் நட்டு நேர்செய்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. என்னை உறுத்துவது வேறு கணக்கு. அந்த இருபது லிட்டர் தண்ணீரை யாரோ ஒருவர் காய்ச்சி, தூக்கி வந்து, கயிற்றை இழுத்து ஏற்றினார். குழாய் போடாததால் நிலத்தில் தடம் பதியவில்லை. அது ஒரு மனிதரின் தோளில் பதிந்தது.

பரந்த புல்வெளி என்று நாம் பார்ப்பதும் அப்படித்தான். மாராவின் தெற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செரெங்கெட்டியிலிருந்து 1950களின் கடைசியில் மாசாய்களை வெளியேற்றி இங்கோரோங்கோரோ பக்கம் அனுப்பினார்கள். வெறுமையாக இருந்த நிலம் அல்ல, வெறுமையாக்கப்பட்ட நிலம். இதற்கு மறுபக்கமும் உண்டு. மாராவைச் சுற்றிப் பல இடங்களில் இன்று மாசாய்களே நில உரிமையாளர்கள். முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள், மாடுகளை முறைவைத்து மேய்க்கிறார்கள். இது வெளியேற்றுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது அந்தக் குத்தகைப் பணமும் ஆட்டம் கண்டது. அவர்களுடைய மாதச் செலவு என்னைப்போன்ற ஒருவனின் விடுமுறை ஆசையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் எளிமையாக இருப்பதில் அறம் எங்கே இருக்கிறது? அம்மா பக்கெட் தண்ணீரில் குளித்தது அறம் அல்ல, அவளுக்கு வேறு வழியில்லை. நான் குளித்ததும் அறம் அல்ல, ஐந்தாம் நாள் எனக்கு ஷவர் காத்திருந்தது. எடுத்துக்கொள்ள முடிந்தும், எடுத்துக்கொண்டால் லாபம் என்று தெரிந்தும், அதில் இன்னொருவர் பங்கு இருப்பதால் கைவைக்காமல் நிற்கிற இடத்தில்தான் அது தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. அப்படி ஓர் இடத்தில் அதுவரை நான் நின்றதேயில்லை.

போன வருடம் அந்த இடமே என்னைத் தேடி வந்தது. பள்ளி நண்பன் ஒருவனுக்குக் கரைவெட்டி ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில் நாலு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. கரைவெட்டி 1999இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மழை முடிகிற சமயத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்கும். "பத்து டென்ட் போதும் மாப்ள, சோலார் போட்ருவோம். நீ பாதி போடு, நான் பாதி போடுறேன்" என்றான்.

கரைவெட்டி வெறும் பறவை ஏரி அல்ல, பாசன ஏரி. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அங்கே வருகிறது. விருந்தினருக்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும், வயலுக்கு மதகு திறக்க வேண்டும். இரண்டும் மோதும் நாளில் நம்முடைய பத்து டென்ட் யார் பக்கம் பேசும் என்று கேட்டேன். ஆயக்கட்டுக்காரர்கள் சம்மதிக்காமல் நான் பணம் போடமாட்டேன் என்றும் சொன்னேன்.

"ஆப்பிரிக்கா வரைக்கும் போயித் தூங்கிட்டு வந்து, இங்க மட்டும் வேணாங்குறியா? லாரிப் புழுதிய விட்டா இந்த ஊருக்கு வேற என்ன பொழப்புடா இருக்கு? உனக்கு பெங்களூர்ல சம்பளம் வருது, நியாயம் பேசுற. நீ போடலேன்னா வேற ஆள் போடுவான்."

அவன் சொன்னதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. நான் விலகினாலும் கூடாரம் வரும். அதில் என் கைரேகை இருக்காது, அவ்வளவுதான். தடமே பதிக்காமல் வெளியேறுவதுதான் மாராவிலும் நான் செய்தது. சுமையை யாரோ தூக்கிக்கொள்ள, சுத்தமான கையோடு விமானம் ஏறினேன்.

அதனால் இந்த முறை விலகவில்லை, பணமும் அனுப்பவில்லை. மார்கழியில் வாத்துகள் வந்ததும் ஆயக்கட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசலாம் என்று அவனை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவாயா என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அவர்கள் சரி என்று சொல்லி, முதல் வருடமே நல்ல லாபமும் வந்து, இரண்டாம் வருடம் தண்ணீர் குறைந்தால் நான் என்ன செய்வேன் என்று அவன் திருப்பிக் கேட்டான். எனக்கும் உடனே பதில் வரவில்லை.